ஊவா மலையில் கள்ளும் சாராயமும்

கனடாவில் வாழும் என் தங்கையின் மகன் சென்ற ஆண்டு விடுமுறைக்கு மெக்சிக்கோ சென்றிருந்தான். அந்நாட்டின் ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் கற்றாழைத் தோட்டங்கள். வருகின்ற வெளிநாட்டவரை வடிசாலைகளுக்குள் அழைத்துச் சென்று, கற்றாழை வெட்டுவது முதல் மது வடிப்பது வரை அனைத்தையும் காட்டுகிறார்களாம். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தான்.

"மாமா, நம்ம பதுளைப் பக்கம் இப்படிப் போய்ப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்று உடனே பதில் எழுதினேன். ஆனால், அவன் கேட்டது தேநீரைப் பற்றியல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் பணியாற்றியவன் நான். தேயிலை விலை, மண்சரிவு, தேர்தல், பிரஜாவுரிமை என ஊவாவைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன். மதுவைப் பற்றி எழுதியது ஒரே ஒரு கட்டுரைதான். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அவனுடைய கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான பால்ய நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, மூன்று நாட்கள் ஊவாவில் சுற்றினேன்.

புறப்படுமுன் மெக்சிக்கோவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நம்மவர் ஆனைக்கற்றாழை என்று அழைக்கும் செடியின் இனம்தான் அங்கே பயிராகிறது. நாம் அதை வேலிக்கு வைப்போம். நார் உரித்துக் கயிறு திரிப்போம். அவர்கள் ஏழெட்டு ஆண்டுகள் வளர்த்து, மடல்களைச் சீவியெறிந்து, அன்னாசிப்பழம் போன்ற நடுக்கிழங்கை அடுப்பில் வேகவைத்து, நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவைத்து, இரண்டு முறை வடிக்கிறார்கள். டெக்கீலா என்ற பெயரை வேறெங்கும் வடிக்கும் மதுவுக்குச் சூட்டக்கூடாது என்று மெக்சிக்கோ அரசு 1974 இல் சட்டம் செய்தது. 2006 இல் யுனெஸ்கோ அந்தக் கற்றாழை நிலத்தையும் பழைய வடிசாலைகளையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வடிக்கும் வித்தை வருவதற்கு மிக முன்பே அம்மக்கள் வேறொரு வகைக் கற்றாழையிலிருந்து கள் இறக்கினார்கள். அதற்குப் புல்க்கே என்று பெயர். இந்தச் செடி வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும், பூத்தபின் செத்துவிடும். பூந்தண்டு எழப்போகும் தறுவாயில் அதை வெட்டி, நடுவைக் குடைந்துவிட்டால், பூவுக்குப் போக வேண்டிய இனிப்பு நீரெல்லாம் அந்தக் குழியில் ஊறும். காலையும் மாலையும் அதை உறிஞ்சி எடுப்பார்கள். ஒரு நாள் வைத்தால் கள். பாளையைச் சீவி முட்டி கட்டும் நமக்கு இது புதிய செய்தியல்ல.

பனை, தென்னை ஆகியவற்றைக் காட்டிலும் இதற்கு மிக நெருங்கிய உறவு நமது கித்துள் மரம்தான். கித்துளும் ஒரே சுற்றுப் பூத்து மடியும் மரம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பூக்காமல் வளரும். முதற்பாளை உச்சியில் வெடிக்கும். அதன்பின் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி இறங்கி, கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். தன் சாவுக்கென்று சேர்த்துவைத்த சர்க்கரையை மனிதன் இடையில் வாங்கிக்கொள்கிறான். அங்கே கற்றாழை, இங்கே கித்துள்.

நமது பங்கு என்று சொன்னது இதுவல்ல. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் சென்ற பிலிப்பைன்ஸ் மாலுமிகளும் தொழிலாளர்களும் மேற்குக் கரையில் கொலிமா என்ற பகுதியில் தென்னை நட்டார்கள், கள் இறக்கினார்கள், அதை வடித்துச் சாராயமும் காய்ச்சினார்கள். தன் திராட்சை மதுவின் விற்பனை கெடுகிறது என்று ஸ்பானிய அரசு தென்னஞ் சாராயத்தைத் தடைசெய்ய முற்பட்டது. காய்ச்சியவர்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் போனார்கள். மலையில் தென்னை இல்லை, கற்றாழை இருந்தது. மெக்சிக்கோவின் புகழ்பெற்ற மதுவுக்கு இப்படித்தான் பிள்ளையார்சுழி போடப்பட்டது என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஸ்பானியருக்கு முன்பே வடித்தல் அங்கே இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு முதற்கதையில்தான் நம்பிக்கை. தடை வந்தால் அடுப்பு காட்டுக்குள் போகும் என்பதை நான் என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கே போகும் ஏ-4 நெடுஞ்சாலையில் ஊவாவின் வாசல் ஹல்துமுல்லை. மேலே தேயிலை, கீழே கிராமங்கள். நண்பருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கித்துள் சீவும் முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். நாங்கள் வாய் திறக்குமுன்னே அவர் சிங்களத்தில் சொன்ன முதல் வார்த்தை: "நான் பாணிக்குத்தான் இறக்குகிறேன் மாத்தயா, கள்ளுக்கில்லை."

எங்களை மதுவரித் திணைக்களத்தார் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று நண்பர் விளக்கியபின்தான் மரத்தடிக்கு அழைத்துச் சென்றார்.

மரத்தோடு சேர்த்துக் கட்டிய நீண்ட கம்புகள்தான் ஏணி. எழுபது வயதை நெருங்கியவர் அதில் ஏறிய வேகத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடத்தது. மரத்திலிருந்து விழுந்து இறந்தவர் இல்லாத கித்துள் கிராமம் இல்லை என்பார்கள். பாளை விரியுமுன் அதற்கு 'மருந்து' வைக்க வேண்டும். உப்பு, மிளகு, உள்ளி, சுண்ணாம்பு முதலியவற்றை அரைத்து, பாளையில் கீறிய இடத்தில் அடைத்துக் கட்டுவது வழக்கம். எது எவ்வளவு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். தகப்பன் மகனுக்கு மட்டுமே சொல்வான். சில நாட்களில் பாளை நீர் விடத் தொடங்கும். அதன்பின் அன்றாடம் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். நல்ல பாளை நாளொன்றுக்குப் பத்து லீட்டர் அளவில் கொடுக்கும். கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், தம் நூலில் இந்த மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மரம் நாளுக்கு மூன்று நான்கு கலன் தரும் என்பது அவர் கணக்கு. இதில் பெரிய மாற்றமில்லை.

இறக்கியவுடன் குடிக்கக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக் கருப்பநீரை ருசித்தவர்களுக்கு இதன் ருசி ஓரளவு பிடிபடும். அங்கே புளிக்காதிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவார்கள். இங்கே ஹல் என்ற மரத்தின் பட்டையை முட்டிக்குள் போடுகிறார்கள். அந்தப் பட்டையைப் போடாவிட்டால் சில மணி நேரத்தில் பதநீர் நுரைத்துக் கள்ளாகிவிடும். பட்டை போட்டதைக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சி அச்சில் ஊற்றினால் கருப்பட்டி. ஏழெட்டுப் போத்தல் பதநீரில் ஒரு போத்தல் பாணிதான் தேறும். (கடைகளில் விற்கும் பாணியில் பாதிக்கு மேல் சீனி என்று பெரியவர் திட்டித் தீர்த்தார். அது தனிக் கதை.)

ஒரு துண்டுப் பட்டைதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் நின்றது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றுவரை, பல திருத்தங்களோடு, நடைமுறையில் இருக்கிறது. பாணிக்காகப் பதநீர் இறக்குவதை அது விட்டுவைத்தது. அதே நீர் புளித்துவிட்டால் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், முன்பின் தெரியாத இரண்டு கிழவர்கள் வாசலில் நின்றால், ஒரு கித்துள்காரர் முதலில் தன்னைக் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஊவாவில் கித்துள் இருந்தது. கள் இறக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அப்படியிருக்க, 'ஊவா தேயிலை' என்று உலகம் சொல்வதுபோல ஊவாவின் பெயரில் ஒரு மது ஏன் வரவில்லை? காரணத்தை அறியக் கரையோரத்துக்குப் போக வேண்டும்.

ஒல்லாந்தர் காலத்திலிருந்தே கரையோரத்தில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. அதற்குக் 'குத்தகை' என்று பெயர். ஆங்கிலேயர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். 1815 இல் கண்டி இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. 1818 இல் ஊவா, வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை நெருப்பாலும் பட்டினியாலும் அடக்கினார்கள். அதன்பின் குத்தகை மலைக்கு ஏறியது. ஒரு மாவட்டத்தில் மது விற்கும் ஏகபோக உரிமையை அரசு ஏலம் போடும். எடுத்தவர் தவறணைகளைப் பிரித்துக் கீழ்க்குத்தகைக்கு விடுவார். சாராயம் களுத்துறைப் பக்கத்துத் தென்னங் கள்ளில் காய்ச்சியது. அது மாட்டுக்கரத்தையில் மலையேறி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை அரசின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியும், சில காலங்களில் அதற்கு மேலும் இந்தக் குத்தகையிலிருந்து வந்தது.

குத்தகைக்காரர்கள் பெரும்பாலும் கரையோரத்துச் சிங்களவர். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா அவர்களில் தலையானவர். மலைநாட்டுச் சாராயக் குத்தகையில் திரட்டிய பணத்தில் 1837 இல் ஹங்குரன்கெத்தையில் பழைய அரசத் தோட்டத்தையே விலைக்கு வாங்கிக் கோப்பி நட்டார். 1853 இல் ஆளுநர் அவருக்கு முதலியார் பட்டம் அளித்தார். நாட்டின் முதலாளி வர்க்கம் சாராயத்தில் முளைத்த கதையைக் கலாநிதி குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

ஏலத்தில் பெருந்தொகை கட்டியவன் எந்த இடத்தில் தவறணை வைப்பான்? கையில் காசு புழங்கும் இடத்தில்தான். கண்டிக் கிராமத்தானிடம் நெல்லும் குரக்கனும் இருந்தன; காசு இல்லை. அவனுடைய வழக்கத்திலும் மதத்திலும் குடிக்கு மதிப்பில்லை. தவறணை வேண்டாமென்று கிராமத்தவர் அரசுக்கு மனுமேல் மனு போட்டதும் உண்டு. மாதச் சம்பளம் என்று காசைக் கண்டவர்கள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த நமது முன்னோர்கள் மட்டுமே. 1869 இல் கோப்பியில் நோய் கண்டு, பின்னர் தேயிலை வந்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமானது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளை மலையில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1894 இல் பண்டாரவளைக்கும் 1924 இல் பதுளைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி இறங்கிய பாதையில்தான் பீப்பாய் ஏறியது.

ஊரில் பனங்கள் குடித்துப் பழகியவர்களுக்கு இங்கே தாமாகக் கள் இறக்க மரமும் இல்லை, உரிமையும் இல்லை. தோட்டத்து நிலம் துரையுடையது, காட்டு நிலம் அரசுடையது, கித்துள் கிராமத்தவருடையது. கையிலிருந்தது காசு. அதுவும் துண்டுக் கடன், கங்காணி பிடித்தது, அரிசிக்குக் கழித்தது எல்லாம் போக மீந்த காசு. அதை வாங்கிக்கொள்ள வழியில் ஒரு தவறணை.

என் தகப்பனார் பசறைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 1950களின் சம்பள நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தோட்டத்துப் பாதை பெரிய வீதியைச் சந்திக்கும் முடக்கில் தவறணை. கள் சிலாபம் பக்கத்திலிருந்து லொறியில் வரும். மலையேறி வந்து சேரும்போதே புளித்துக் காடியாகியிருக்கும். மாலை நான்கு மணிக்கே பெண்கள் முடக்குக்கு மேலே தேயிலை விளிம்பில் வரிசையாக நிற்பார்கள். உள்ளே போக மாட்டார்கள். "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்புவார்கள். என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த ஒருவன் ஒவ்வொரு மாதமும் அப்படிப் போய் நிற்பான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

நாட்டில் மதுவுக்கு எதிராக இயக்கமே நடக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நடந்தது, பெரிதாகவே நடந்தது. 1904 அளவில் தொடங்கி, 1912 இல் அரசு குத்தகை முறையைச் சீர்திருத்துவதாகச் சொல்லிக் கள்ளுக்கும் தனித் தவறணைகளைத் திறந்தபோது அது கொழுந்துவிட்டு எரிந்தது. எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் அந்த மேடைகளில்தான் தலைவர்களானார்கள். அவர்களில் பலரை 1915 கலவரத்தைச் சாட்டி ஆங்கிலேயர் சிறையிலிட்டதும் வரலாறு. அந்த மேடைகளில் முழங்கிய செல்வக் குடும்பங்கள் சிலவற்றின் ஆஸ்தி சாராயக் குத்தகையில் வந்தது என்பது வரலாற்றின் வேடிக்கை. ஆயினும், அந்தக் குரல் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. வெளியார் தோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதே அத்துமீறல் என்றிருந்த காலம் அது. 1920களில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல் வேடமிட்டுத்தான் லயங்களுக்குள் நுழைந்தார். கூட்டம் போட வந்தவனுக்குத் தோட்டத்துக்குள் தடை; பீப்பாய்க்கு வாசலிலேயே இடம்.

ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக இறங்கினோம். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன மீரியபெத்தைக்குப் பிரியும் இடத்தில் சிறிது நேரம் நின்றோம். வெல்லவாயவுக்குக் கீழே காற்று சூடானது. புத்தலைக்குப் போகும் வழியில் பெல்வத்தையில் கரும்பு தொடங்கியது.

என் மருமகனுக்குக் காட்டத்தக்க வடிசாலை ஊவாவில் உண்டென்றால் அது இங்கேதான். மொனராகலை மாவட்டத்தில் பெல்வத்தை, செவனகலை என்ற இரண்டு சீனித் தொழிற்சாலைகளும் 1980களில் எழுந்தவை. தனியார் கைக்குப் போய், 2011 இல் ஒரு சிறப்புச் சட்டத்தால் மீண்டும் அரசு எடுத்துக்கொண்டது. சீனியைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கரிய பாகைப் புளிக்கவைத்து, உயர்ந்த தூண்போன்ற கொதிகலங்களில் வடித்து, ஏறத்தாழச் சுத்தமான மதுசாரமாக எடுக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் மதுசார இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இதற்குக் கிராக்கி கூடியது. நாங்கள் உள்ளே போக அனுமதி கேட்கவில்லை. வெளியே வீதியில் நின்றபோதே பாகின் புளித்த வாடை வந்தது.

இந்த மதுசாரத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ஊரும் இல்லை. கொள்கலன் லொறியில் ஏறி மேற்கே போகிறது. தென்னஞ் சாராயம் என்று நாம் நினைக்கும் மலிவு வகைகள் பலவற்றில் தென்னை கொஞ்சம்தான். மீதி இத்தகைய மதுசாரம். அசல் தென்னஞ் சாராயம் ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து மணமேறி வரும். அதற்குத் தனி விலை. அதைத் தோட்டத்து மனிதன் கண்ணாலும் காண்பதில்லை. ஊவாவின் வெயிலில் ஊவாவின் உழவர் வெட்டிய கரும்பு கொழும்பு போய், சாயமேறி, முத்திரையேறி, வரியேறி, மீண்டும் பசறைக்கு வருகிறது.

வரி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022 நெருக்கடிக்குப் பின்னர் மதுவரி பலமுறை உயர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா. 2024 செப்டம்பரில் 1,350 ரூபா. அக்காலத்தில் ஒரு முழுப் போத்தல் சாராயத்தின் விலை இரண்டு நாள் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. அதே 2024 இல் நாட்டின் பல பாகங்களிலும் புதிய மதுபானசாலைகளுக்கு அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. டிசம்பரில் அந்தப் பட்டியல் பாராளுமன்றத்திலேயே சமர்ப்பிக்கப்பட்டது. பட்டியலை வாசித்தபோது எனக்குப் பழைய குத்தகை ஏலம்தான் கண்ணில் தெரிந்தது.

புத்தலை, மொனராகலை வழியாகப் பசறைக்கு ஏறினோம். நான் பிறந்த தோட்டத்துக்குப் போகாமல் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் வழியெல்லாம் இருந்தது. நண்பர் விடவில்லை.

முன்பு சொன்ன அந்த ஒரே கட்டுரை இதுதான். 1979 இல் நான் கொழும்பில் ஒரு நாளேட்டில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது எங்கள் தோட்டத்துப் பெண்கள் கைநாட்டு வைத்த மனு ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். முடக்கிலிருந்த தவறணையை மூட வேண்டும் என்பது கோரிக்கை. நான் உணர்ச்சி பொங்க எழுதினேன். படத்தோடு வந்தது. சில மாதங்களில் தவறணை அங்கிருந்து அகற்றப்பட்டது. பேனாவின் வலிமை என்று சக நண்பர்கள் பாராட்டினார்கள். நானும் நம்பினேன்.

அடுத்த ஆண்டே ஓடைக்கு மேலே, மானாப் புல்லுக்குள், கசிப்பு அடுப்பு ஏறிவிட்டது. சீனியும் ஈஸ்டும் கலந்து தகரப் பீப்பாயில் புளிக்கவைத்த 'கோடா' மண்ணுக்குள் புதைந்திருக்கும், இரவில் காய்ச்சுவார்கள். மதுவரிக்காரர் வருமுன் செய்தி வந்துவிடும். தவறணையில் அளவும் நேரமும் இருந்தன. கசிப்புக்கு இரண்டும் கிடையாது. கடனுக்கும் கிடைக்கும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று குடிப்பவனுக்கும் தெரியாது. 1981 இல் எங்கள் லயத்து மனிதர் ஒருவர் அதைக் குடித்து இரண்டு நாள் கண் தெரியாமல் கிடந்து இறந்தார். அவருடைய மனைவி அந்த மனுவில் கைநாட்டு வைத்தவர்களில் ஒருவர். செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது. அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. முதற்கட்டுரைக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை மட்டும் நெடுங்காலம் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த அம்மாள் இன்னும் இருக்கிறார். எண்பது கடந்துவிட்டது. அதே லயத்தில், முன்பக்கம் தகரம் இறக்கிய அறையில் பேத்தியோடு வாழ்கிறார். கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைப் பார்த்தார்.

"கணக்கப்புள்ள ஐயா மகனா தம்பி நீங்க? பேப்பர்ல எழுதினவரு?"

ஆமென்றேன். தேத்தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். நான்தான் தொடங்கினேன். அன்று எழுதியதோடு நிறுத்தியிருக்கக் கூடாது, கசிப்பையும் எழுதியிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்றேன்.

"தவறணைய மூடச் சொன்னது நாங்கதானே. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார். பின்னர், "ஆனா அவரு செத்தப்ப நீங்க வரல," என்றும் சொன்னார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முடக்குக்குச் சற்றுத் தள்ளி, பஸ் நிற்கும் இடத்தில், இப்போது கண்ணாடிக் கதவு போட்ட மதுபானசாலை வந்திருக்கிறது. அதை எதிர்த்துப் பேத்தியும் வேறு பெண்களும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை கைநாட்டு இல்லை, எல்லாம் கையொப்பம். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, மதுவரித் திணைக்களத்துக்கு ஒரு பிரதி. எனக்கும் ஒன்று தந்தார்கள். வாசித்துப் பார்த்தேன். மதுபானசாலையை மூட வேண்டும் என்பது முதற்கோரிக்கை. ஓடைப்பக்கத்துக் கசிப்பைப் பொலிஸார் கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது. சம்பளப் பணத்தைப் பெண்களின் சம்மதமின்றி ஆண்கள் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை நிர்வாகம் நிறுத்த வேண்டும் என்பது மூன்றாவது. 1979 மனுவில் ஒரே கோரிக்கைதான் இருந்தது.

நண்பர் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். பேத்தி அதைச் சுத்தமாக எழுதிப் பதுளைக்குக் கொண்டுபோனாள். கசிப்பைப் பற்றிய இரண்டாவது கோரிக்கையை விரிவாக எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓடைக்கு மேலே யார் காய்ச்சுகிறார்கள், யாருக்குப் பங்கு போகிறது என்ற விவரங்களை அந்தப் பெண்களே சேகரித்து வருகிறார்கள்.

மருமகனுக்கு இதையே பதிலாக அனுப்புகிறேன். ஹல்துமுல்லைப் பெரியவரிடம் வாங்கிய கித்துள் பாணி ஒரு போத்தலும் அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்தால் தரலாம்.